பரணில் எலி, தொட்டிலில் கைக்குழந்தை: மருந்து வைக்கலாமா?

மேலவீதி_மீனா (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளவாக்கில் போகும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். பிரசவத்துக்கு வந்த தங்கை கைக்குழந்தையோடு இங்கேதான் இருக்கிறாள்.

தை அறுவடை முடிந்ததிலிருந்து, இரவு விளக்கை அணைத்தால் பரணில் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. பூஜை அறையில் விளக்குத் திரியை எண்ணெயோடு இழுத்துப் போகின்றன. குளியல் சோப்பில் பல் பதிந்திருக்கிறது. இப்போது தொட்டில் கயிற்றையும் கடித்திருக்கின்றன. அதைப் பார்த்த பிறகு அம்மா சரியாகத் தூங்குவதே இல்லை.

கடைத்தெருவில் ஒருவர் நீல நிறக் கட்டி ஒன்றைத் தருகிறார். இன்னொருவர் கறுப்புப் பொடியைச் சோற்றில் பிசைந்து வைக்கச் சொல்கிறார். "தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே ஓடிச் செத்துவிடும், வீட்டில் நாற்றமே வராது" என்று இருவருமே உறுதி சொல்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதை நம்பி வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மொத்தக்கடை (விருதுநகர்)

அம்மா, நாங்கள் மூன்று தலைமுறையாகப் பருப்பு, வற்றல் வியாபாரம் செய்கிறோம். எலியோடு பழகாத நாள் கிடையாது. இரக்கம் பார்த்தால் மூட்டை மிஞ்சாது. ஒட்டும் அட்டையை வாங்கிச் சுவரோரமாக வையுங்கள், காலையில் அட்டையோடு எடுத்து எறியலாம். பெரிய எலிக்கு நீலக் கட்டி. கறுப்புப் பொடி வேண்டாம். ஒரு முறை தின்று பிழைத்த எலி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

---

இரவுப்பணி_செவிலி (வேலூர்)

மீனா, வைக்காதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் எந்த எலி மருந்தும் வேண்டாம். அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவளாகச் சொல்கிறேன்.

கடைக்காரர்கள் எல்லா மருந்தையும் ஒரே வாயால் "எலி மருந்து" என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு. அந்தக் கறுப்புப் பொடி துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். எலிக்கு வாந்தி வராது, அதனால் தப்பாது. மனிதர்களுக்கு வாந்தி வரும், ஆனால் அதற்குள் வாயு தன் வேலையைத் தொடங்கியிருக்கும். மாற்று மருந்து கிடையாது.

நீலக் கட்டியில் பெரும்பாலும் இருப்பது புரோமடியோலோன். இரத்தம் உறையாமல் செய்வது. தின்ற எலி உடனே சாகாது, நான்கைந்து நாட்கள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். அது தண்ணீர் தேடி வெளியே போகும் என்பது கட்டுக்கதை. தளர்ந்த எலி தன் கூட்டுக்குள்தான் ஒடுங்கும். உங்கள் வீட்டில் கூடு என்றால் பரண்தான். நாற்றம் எங்கிருந்து வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குழாயில் வரும் பசை. மஞ்சள் பாஸ்பரஸ். குழந்தைகள் பற்பசை என்று நினைத்து வாயில் வைத்ததுண்டு. முதலில் வாந்தியும் வயிற்று வலியும் இருக்கும். அதன்பின் ஓரிரு நாள் நன்றாகிவிட்டது போலத் தெரியும். வீட்டார் நிம்மதியாகக் கூட்டிப் போய்விடுவார்கள். அதற்கடுத்துத்தான் கல்லீரல் கெடும். இதற்கும் மாற்று மருந்து இல்லை. தமிழ்நாடு அரசு இதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. பழைய குழாய் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் என்ன நடந்தது என்பதை எல்லோரும் படித்திருப்பீர்கள். வீட்டுக்குள் எலி மருந்து வைத்த இரவு, இரண்டு குழந்தைகள் போய்விட்டன. பூட்டிய அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தின்னவில்லை, மூச்சில்தான் போனது. அதற்குப் பிறகும் "ஒரு ஓரமாக வைத்தால் ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்று இரவே செய்ய வேண்டியது: தொட்டிலுக்குக் கொசுவலை போட்டு, வலையின் ஓரத்தை நன்றாகச் செருகிவிடுங்கள். பால் குடித்ததும் குழந்தையின் வாய், விரல்களை ஈரத்துணியால் துடையுங்கள். பால் வாசனைக்குத்தான் எலி வரும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மஞ்சள் பற்று வேண்டாம்.

---

நெறியாளர்

வாசகர்கள் கவனத்துக்கு: யாராவது எலி மருந்தைத் தின்றதாகச் சந்தேகம் வந்தாலே 108ஐ அழையுங்கள். உறையையோ குழாயையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை முடிவாகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "இப்போது நன்றாக இருக்கிறான்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

---

கரணை (மன்னார்குடி)

தங்கச்சி, நான் கொத்தனார். ஓட்டு வீட்டு வேலையிலேயே தலை நரைத்தவன். எலியைக் கொல்வது இரண்டாம் பாடம். அது வரும் வழியை அடைப்பதுதான் முதல் பாடம். வழி திறந்திருக்கும் வரை, நீங்கள் ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். ஒரு பெட்டை மூன்று வாரத்தில் குட்டி போடும், ஆறு ஏழு குட்டிகள் சாதாரணம். மருந்துக்குக் கொடுக்கும் பணம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

பகல் வெளிச்சத்தில் ஏணி போட்டு விட்டத்தையும் ஓட்டைத் தாங்கும் கைமரங்களையும் பாருங்கள். எலி தினமும் ஒரே தடத்தில்தான் ஓடும். அதன் உடம்பு எண்ணெய் பட்டுப் பட்டு மரத்தில் கறுப்பாக, மழுமழுவென்று ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு எங்கே சுவருக்குள் மறைகிறதோ அங்கேதான் வாசல். தரையில் தடம் தெரியாவிட்டால் கோலமாவை மெல்லியதாகச் சுவரோரம் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் கால் பதிவும், நடுவே வால் இழுத்த கோடும் இருக்கும். எந்தப் பக்கம் போகிறது என்று விரல் பதிவிலேயே தெரிந்துவிடும்.

அளவு நினைவில் இருக்கட்டும். பென்சில் நுழையும் சந்து இருந்தால் சுண்டெலி நுழையும், அதற்கு 6 மில்லிமீட்டர் போதும். வீட்டெலிக்கு அரை அங்குலம். மண்டை நுழைந்தால் உடம்பு தானாக நுழைந்துவிடும்.

நாட்டு ஓட்டு வீட்டில் மூன்று இடங்களில் சந்தேகமே வேண்டாம். ஒன்று, இறவாரத்தில், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பில், முதல் வரிசை ஓட்டின் வாய். அடுக்கடுக்காக வளைந்த ஓடுகள், ஒவ்வொன்றும் ஒரு குகை. அந்த வாயைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். இரண்டு, சுவர்த்தலைக்கும் கைமரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. பெரும்பாலும் இதுதான் ராஜபாட்டை. மூன்று, முற்றத்து ஜலதாரை. தெருச் சாக்கடையிலிருந்து பெருச்சாளி நேராக முற்றத்துக்கு ஏறும் வழி அது. சந்து சின்னதாக உள்ள கெட்டிக் கம்பி வலையை வாயில் பதித்துவிடுங்கள். இலையும் தலைமுடியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், வாரம் ஒரு முறை எடுத்துப் போட வேண்டும்.

வெறும் சிமெண்டை அப்பினால், காயும் முன்பே இரவில் பறித்துவிடும். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணலோடு உடைத்த கண்ணாடிச் சில்லையும் சேர்த்து அடையுங்கள். கைக்கு எட்டும் இடமானால் கண்ணாடி வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைச் சுருட்டித் திணித்து மேலே பூசுங்கள். துணி, தெர்மாகோல், பஞ்சு, நுரைபோல ஊதி உப்பும் பசை இவையெல்லாம் எலிக்கு மெத்தை. எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். அதற்கு மரமும் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான்.

கொல்லைக் கதவின் அடியில் தகரப் பட்டை அடியுங்கள், நிலைக்கல்லுக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது.

இன்னொன்று. எல்லா வழியையும் ஒரே நாளில் அடைக்கக் கூடாது. உள்ளே மாட்டியவை பரணிலேயே சாகும், இல்லையென்றால் வெறியோடு வேறிடத்தில் ஓட்டை போடும். முதலில் சின்னச் சந்துகளை அடையுங்கள். பெரிய வாசலை விட்டுவைத்து, உள்ளே பொறி வைத்துப் பிடியுங்கள். பிறகு அந்த வாசலில் கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள். அடுத்தடுத்த நாட்களில் தாள் அசையாமல் இருந்தால் நிரந்தரமாகப் பூசிவிடலாம்.

---

மேலவீதி_மீனா (கும்பகோணம்)

அண்ணா, செவிலி அக்கா, இருவருக்கும் நன்றி. கொசுவலை போட்டுவிட்டோம். நீலக் கட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கைமரத்தில் கறுப்புக் கோடு அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி இருக்கிறது. அது கிழக்குப் பக்கப் பொதுச்சுவரின் தலைப்பில் போய் மறைகிறது. அந்தப் பக்கத்து வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

இன்னொரு சந்தேகம். அடுக்களையில் வைத்த கூண்டில் ஒன்று மாட்டியிருக்கிறது. மூக்கு நீளமாக, கூர்மையாக இருக்கிறது. கண் இருப்பதே தெரியவில்லை. கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, ஒரு மாதிரி கொச்சை நாற்றம் அடுக்களை முழுக்க. இது எந்த வகை எலி?

---

கால்நடை_மருத்துவர் (நெல்லை)

அது எலியே அல்ல, மூஞ்சூறு. எலி இனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதன் பற்கள் தானியம் கொறிக்கும் பற்கள் அல்ல. கரப்பான், பாச்சை, மண்புழு இவைதான் அதன் உணவு. விலாப்பக்கத்துச் சுரப்பியிலிருந்து வருவதே அந்த நாற்றம். பூனைகூட அதைப் பிடித்துவிட்டுத் தின்னாமல் போட்டுவிடும். பார்வை மிகக் குறைவு, அதனால்தான் சுவரை ஒட்டியே ஓடுகிறது. கொல்லையில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், உங்களுக்கு நன்மையே செய்யும். அடுக்களைக்குள் வராமல் இருக்கக் கதவடியை அடைத்தால் போதும்.

புழுக்கையை வைத்தும் இனத்தைச் சொல்லலாம். அரிசியளவில் இருந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளத்தில் இரு முனையும் கூராக இருந்தால் ஓட்டில் ஏறும் வீட்டெலி. அதைவிடத் தடிமனாக, முக்கால் அங்குலம் வரை இருந்தால் பெருச்சாளி. பரணில் ஓடுவது வீட்டெலியாகத்தான் இருக்கும். பெருச்சாளிக்கு ஏறுவது வராது, அது தோண்டும் பிராணி.

---

அணில்_முற்றம் (கோவை)

> ஒட்டும் அட்டையை வாங்கிச் சுவரோரமாக வையுங்கள்

ஐயா, மன்னிக்க வேண்டும், இதை ஒப்புக்கொள்ள முடியாது. அந்த அட்டையில் மாட்டிய எலி உடனே சாவதில்லை. தோல் கிழிய, சொந்தக் காலையே கடித்துக்கொண்டு, பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில் துடிக்கும். பல்லியும் அணில் குஞ்சும் குருவியும்கூட அதில் ஒட்டிக்கொள்கின்றன. இந்திய விலங்கு நல வாரியம் 2011இலும் 2020இலும் இதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும் இது முரண்.

கூண்டில் பிடித்து ஆற்றங்கரையில் விட்டுவிடலாமே? பிள்ளையார் வாகனத்தைக் கொல்ல மனம் வராதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம்.

---

மொத்தக்கடை (விருதுநகர்)

ஆற்றங்கரையில் விட்டால் ஆற்றங்கரைக் குடிசைக்குப் போகும். அங்கேயும் குழந்தைகள் இருக்கின்றன. உங்கள் மனச்சாந்திக்காக அடுத்தவர் தலையில் கட்டுவது எப்படி நியாயம்?

அட்டையில் அணில் குஞ்சு மாட்டும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. ஆனால் கிடங்கில் இருக்கும் சரக்கு ஒரு குடும்பத்தின் பிழைப்பு. மாற்று வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

---

கால்நடை_மருத்துவர் (நெல்லை)

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட எலி பெரும்பாலும் பிழைக்காது. ஒளிய வளை தெரியாது, உணவு தெரியாது, நாயோ காகமோ பிடித்துவிடும். விடுவதைக் கருணை என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

கொல்லத்தான் வேண்டும் என்றால், கழுத்தில் அடிக்கும் வில் கம்பிப் பொறி நல்லது. நல்ல அழுத்தம் உள்ளதாக வாங்கினால் நொடியில் முடிந்துவிடும். கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்குவதை எல்லா ஊர்களிலும் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்க முடியாத சாவு அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கிடங்குக்கு மாற்று உண்டு. மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு முழம் இடம் விடுங்கள். எலிக்குச் சுவரோரத்து இருட்டும் ஒதுக்கமும் வேண்டும். அது போய்விட்டால் பாதி எலி தானாகப் போகும். நடுவே நீங்கள் நடந்து புழுக்கையைப் பார்க்கவும் முடியும், பெருக்கவும் முடியும்.

நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். நீலக் கட்டியைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்த பூனை என்னிடம் வரும்போது ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அந்த மருந்துக்கு மட்டும் மாற்று உண்டு, அது வைட்டமின் கே1. கே3 உதவாது. ஊசியோடு நிற்காமல் வாரக்கணக்கில் மாத்திரை தொடர வேண்டும். ஆந்தைக்கும் கூகைக்கும் யார் ஊசி போடுவது? எலியை இலவசமாகப் பிடித்துத் தரும் பறவைகளை எலி மருந்தால் கொன்றுவிட்டு, அதற்கப்புறம் இன்னும் அதிக மருந்து வாங்குகிறோம்.

---

வரப்பு (திருவாரூர்)

மீனா அவர்கள் தை அறுவடையைச் சொன்னது கவனிக்க வேண்டிய செய்தி. எங்கள் பக்கம் இது வருடா வருடம் நடப்பது. சம்பா பால் பிடிக்கும்போது எலி வயலில் தூர்களைச் சாய்வாகக் கத்தரித்துப் போடும், கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்க்கும். அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடினால் வைக்கோல் போருக்கும் ஊருக்கும் வரும். வயலெலி வேறு, ஓட்டில் ஏறும் எலி வேறு என்பது உண்மை. ஆனால் கொல்லையில் வைக்கோலும் விறகும் நெல்லும் குவிந்தால் எல்லா இனத்துக்கும் கொண்டாட்டம்.

வயலில் நாங்கள் வைப்பது தஞ்சாவூர்க் கிட்டி. வளைத்த மூங்கில், ஒரு கயிறு, நடுவில் இரை. சாயங்காலம் வரப்போரமாக நட்டுவிட்டு வருவார்கள். எலி இரையை இழுத்ததும் வில் விடுபட்டு அழுத்திப் பிடித்துவிடும். விடிந்ததும் கிட்டிகளைத் திரட்டி, பிடிபட்ட எலிக்கு இத்தனை என்று கூலி வாங்கிப் போவார்கள். மருந்து இல்லை, மாடு மேயலாம், நண்டு நத்தை சாகாது. இந்த வேலை தெரிந்தவர்கள் வரவரக் குறைந்துவிட்டார்கள் என்பதே என் கவலை. வடக்கே செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இருளர்கள் வளைக்குள் மண்பானையால் புகை ஊதிப் பிடிப்பார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்குக் கிடைக்கும். வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மண்ணைப் பார்த்தே சொல்லும் அறிவு அது. அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து அழைக்காமல், கடையில் பொட்டலம் வாங்குவதை நாம் முன்னேற்றம் என்று நினைக்கிறோம்.

கிட்டியை வீட்டுக்குள் வைக்க வேண்டாம், பிள்ளைகள் விரல் போய்விடும். வயலில் பறவை உட்காரக் குச்சி நடுவது போல, கொல்லை மரத்தில் கூகை வந்து தங்கினால் விரட்டாதீர்கள். அதன் சத்தம் அபசகுனம் என்று கல்லெறிவது எலிக்குச் செய்யும் உதவி.

---

நான்காம்_தளம் (சென்னை, வேளச்சேரி)

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு யாராவது சொல்லுங்கள். நான்காவது மாடிக்கு எலி எப்படி வருகிறது? சுவர் மின்செருகியில் மாட்டும் மீயொலிக் கருவி வாங்கலாமா? கார் வயரையும் கடித்துவிட்டது.

---

கரணை (மன்னார்குடி)

தம்பி, குழாய் வழியாகத்தான். கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் செங்குத்துச் சந்து எலிக்கு ஏணிப்படி. குளிர்சாதனக் குழாய்க்குச் சுவரில் துளை போட்டவர் சுற்றியிருக்கும் இடைவெளியை அடைக்காமல் போயிருப்பார். சமையல் மேடைக்கு அடியில் கழுவுதொட்டிக் குழாய் இறங்கும் இடத்தைக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், நிச்சயம் ஒரு ஓட்டை இருக்கும். எவர்சில்வர் நாரும் சிமெண்டும் போதும். தரைச் சல்லடை உடைந்திருந்தால் மாற்றுங்கள். மொட்டைமாடியைத் தொடும் தென்னை மட்டையையும் மரக்கிளையையும் வெட்டுங்கள். தென்னை மரத்தில் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு முழ அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலி வழுக்கி விழும், இளநீரும் தப்பும்.

---

கால்நடை_மருத்துவர் (நெல்லை)

மீயொலிக் கருவிக்குச் செலவழிக்காதீர்கள். அந்த ஒலி சுவரைத் தாண்டாது, அலமாரி குறுக்கே நின்றாலே நின்றுவிடும். முதலில் திடுக்கிடும் எலி சில நாட்களில் பழகிக்கொள்ளும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001லேயே இவற்றை விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கை அனுப்பியது. புதினா எண்ணெய், பூச்சியுருண்டை, மிளகாய்த்தூள் எல்லாம் இதே கதைதான். பூச்சியுருண்டையைக் குழந்தை வாயில் போட்டால் அது தனி ஆபத்து.

காருக்கு: உள்ளே தின்பண்டத் துணுக்கு இருக்கக் கூடாது. குப்பைத் தொட்டிக்கும் புதருக்கும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய வண்டியை நாள்கணக்கில் எடுக்காமல் விடாதீர்கள், ஒதுக்கமான இயந்திர அறை எலிக்குக் கூடு கட்டத் தோதான இடம்.

---

வடமராட்சி (யாழ்ப்பாணம்)

எல்லோரும் கடியையும் மருந்தையும் பற்றி எழுதுகிறீர்கள். எங்களுக்கு எலி என்றதும் நினைவு வருவது காய்ச்சல். 2024 டிசம்பரில், மழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. முதலில் என்ன காய்ச்சல் என்றே விளங்காமல் சனம் பதறிப்போயிருந்தது.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் கிருமி இருக்கும். காலில் உள்ள சின்ன வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகும். வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கும், வெள்ளம் வடிந்த வளவைத் துப்புரவு செய்பவருக்கும்தான் முதலில் வரும். கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத நோவு, கண் சிவத்தல். பிந்தினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் பாதிப்பு. இங்கே வயற்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பார்கள். அதை மருத்துவ உத்தியோகத்தர் சொல்லாமல் நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது, கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது.

கிணற்றுக் கட்டு உயரமாக இருக்க வேண்டும், கிணற்றடியில் எச்சில் பாத்திரம் இரவில் கிடக்கக் கூடாது. காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் "எலி உள்ள இடத்தில் வேலை செய்தேன்" என்று வாயால் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்தப் பக்கம் எண்ணம் போகும்.

---

இரவுப்பணி_செவிலி (வேலூர்)

வடமராட்சி அண்ணா சொன்னதை நூறு முறை ஆமோதிக்கிறேன். எங்கள் பக்கம் உண்ணிக்காய்ச்சலும் உண்டு. எலியின் மேலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வருவது. அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. காய்ச்சலோடு அதைப் பார்த்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மீனா, பரணைச் சுத்தம் செய்யும்போது காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூச்சில் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு ஈரத்துணியால் வழித்தெடுங்கள். தங்கையும் குழந்தையும் அன்று வீட்டில் இருக்க வேண்டாம்.

---

மேலவீதி_மீனா (கும்பகோணம்)

பொறியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். பரணில் வைத்த இரண்டு கூண்டுப் பொறியையும் எலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மசால்வடைதான் வைத்தோம்.

---

மொத்தக்கடை (விருதுநகர்)

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். சுண்டெலிக்குப் புதுப்பொருள் என்றால் ஆர்வம், ஓடி வந்து பார்க்கும். பெரிய எலிக்குப் புதுப்பொருள் என்றால் பயம். நேற்று இல்லாத கூண்டு இன்று இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். அதனால் முதல் நான்கைந்து இரவுகள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வையுங்கள். உள்ளே இரை மட்டும் இருக்கட்டும். அது பயமில்லாமல் வந்து தின்று பழகட்டும். பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் பூட்டி வையுங்கள். இரண்டு பொறி போதாது, தடம் நெடுகிலும் வையுங்கள்.

இரை, அந்த எலி உங்கள் வீட்டில் ஏற்கெனவே எதைத் தின்கிறதோ அதுவாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு எலி எண்ணெய்த் திரியும் சோப்பும் தின்று வளர்ந்தது. தேங்காய்ச் சில்லை அனலில் வாட்டி, எண்ணெய் கசியும் பதத்தில் நூலால் கம்பியோடு கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் நைசாக எடுத்துப் போய்விடும். அதே நேரத்தில் வேறு தீனி கிடைக்கக் கூடாது. அரிசி தகர டின்னில், எச்சில் பாத்திரம் அன்றிரவே கழுவி, விளக்கைக் குளிரவைத்துத் திரியை எடுத்துவிட வேண்டும். பிடிபட்ட கூண்டை வெந்நீரில் கழுவாமல் மறுபடி வைக்காதீர்கள்.

அடிக்கும் பொறியாக இருந்தால் இரைப்பக்கம் சுவரைப் பார்க்கக் குறுக்கே வையுங்கள். தரையில் வேண்டாம், குழந்தை இருக்கிறது. விட்டத்தின் மேல் கம்பியால் கட்டுங்கள்.

கோவை நண்பருக்கு: ஒட்டும் அட்டைகளைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டேன். பலகை அடுக்கும் வேலை நடக்கிறது. எலி குறையவில்லை என்றால் மறுபடி இங்கேயே வந்து கேட்பேன்.

---

அணில்_முற்றம் (கோவை)

கேளுங்கள் ஐயா. உங்களுக்கு என் வணக்கம்.

---

வரப்பு (திருவாரூர்)

மீனா, பூட்டிய வீட்டைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. பொதுச்சுவர்த் தெருவில் ஒரு வீடு மட்டும் எலியை ஒழிக்க முடியாது. வயலிலும் அப்படித்தான், பக்கத்து வயல்காரர் சும்மா இருந்தால் என் கிட்டி வீண். தெருவில் நாலு வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, ஒரே வாரத்தில் எல்லோரும் பொறி வைத்து, எல்லோரும் ஜலதாரைக்கு வலை போடுங்கள். பூட்டிய வீட்டுக்காரருக்கு அந்த நாலு பேருமே பேசட்டும். தனியாகப் பேசினால் குறை சொல்வது போலாகும், சேர்ந்து பேசினால் சாவியைக் கொடுப்பார்.

---

மேலவீதி_மீனா (கும்பகோணம்)

உரிமையாளரின் அண்ணனிடம் பேசினோம். சாவி தருகிறார், ஆனால் செலவு செய்ய அவர்களுக்கு இப்போது தோதில்லையாம். அவர்கள் பக்கம் ஓடு சரிந்து கிடக்கிறது. எங்கள் பக்கத்தை மட்டும் பூசினால் நிற்குமா, கரணை அண்ணா?

---

கரணை (மன்னார்குடி)

நிற்கும். உங்கள் பக்கத்துச் சுவர்த்தலை முழு நீளத்துக்கும், ஒவ்வொரு கைமரம் உட்காரும் இடத்திலும், கம்பி வலையை ஆணியால் அடித்து அதன் மேல் பூசச் சொல்லுங்கள். மரத்தைச் சுற்றி மட்டும் சிமெண்ட் வேண்டாம், மரம் மூச்சு முட்டி உளுத்துவிடும். அங்கே சுண்ணாம்புக் காரைதான். சாவி கிடைத்ததும் அந்த வீட்டுக்குள் கிடக்கும் பழைய பாய், கோணி, காகிதம் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கூடு கட்டப் பொருள் இல்லாத வீட்டில் எலி தங்காது. பகலில், கையில் கம்போடு, காலில் செருப்போடு போங்கள். எலி இருக்கும் இடத்தில் சாரைப்பாம்பும் இருக்கும், நல்லபாம்பும் இருக்கும். சாரையைக் கண்டால் அடிக்காமல் வழிவிட்டு நில்லுங்கள்.

கும்பகோணத்திலேயே நாட்டு ஓட்டு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். பங்குனி வெயிலுக்குள் முடித்துவிடுங்கள், காரை நன்றாகக் காய வேண்டும். இறவாரத்தை அளந்து நீளத்தை இங்கே எழுதினால், சுண்ணாம்பும் வலையும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.